பதினாலாவது விழா

வாம்மா, உள்ள வா. செருப்பு வாசல்லயே கெடக்கட்டும். லிஃப்ட் ஓடலன்னு மூணு மாடி ஏறி வந்திருக்க, முதல்ல தண்ணியக் குடி. மக வேலைக்குப் போயிருக்கா, அவ வர ஆறு மணி ஆகும். நமக்கு நேரம் கெடக்கு.

போன்ல நீ தமிழ்ல பேசினதும் எனக்கு ஆச்சரியமாப் போச்சு. விழாக் கமிட்டிக்காரங்க இங்கிலீஷ் பேசுத பொண்ணு யாரையாவது அனுப்புவாங்கன்னுதான் நெனச்சிருந்தேன். இங்க சயான்லயே பொறந்து வளந்தவளா? அப்பா ரயில்வேயா? நல்லது, நல்லது. ஐம்பதாவது வருஷத்துக்குப் புத்தகம் போடுததுன்னா லேசுப்பட்ட வேலையில்ல பாத்துக்கோ. இப்பக் கமிட்டியில இருக்கவனுவளுக்கு ஒரு எழவும் தெரியாது. எல்லாம் நேத்து வந்தவனுவ. நயன்தீப் விருதோட கதைய ஆரம்பத்துலேருந்து சொல்லணும்னா, இந்தப் பம்பாயில உயிரோட இருக்கது நான் ஒருத்தன்தான்.

அந்த டேப்பைப் போட்டுக்கோ. நான் நிதானமாத்தான் பேசுவேன்.

நான் நாசரேத்துக்காரன். டைப்பு லோயர், ஹையர் ரெண்டும் பாஸ் பண்ணிட்டு அம்பத்தொம்பதுல இங்க வந்தேன். அப்ப எனக்கு இருபத்திரண்டு வயசு. தாராவியில நம்ம ஊர்க்காரங்க கூட ஒரு ரூமுல தங்கிக்கிட்டு வேலை தேடினேன். ஹர்கிஷன் சேட்டு ஆபீசுல டைப்பிஸ்ட் வேணும்னாங்க, போனேன். சேட்டு யாரு? நயன்தீப்னு ஒரு ஹிந்தி சினிமாப் பத்திரிகை நடத்தினவரு. கிர்காமுல சொந்த அச்சாபீசு. அம்பத்தஞ்சுல அவருக்கு ஒரு யோசனை வந்திருக்கு. வருஷா வருஷம் நல்ல ஹிந்திப் படத்துக்கு, நல்லா நடிச்சவங்களுக்கு நாம ஏன் ஒரு பரிசு குடுக்கக் கூடாதுன்னு. முதல் விழா ஒரு கிளப்பு ஹாலுல நடந்துச்சு. அறுபது பேருதான் வந்தாங்களாம். அஞ்சு பரிசு. விளக்கேந்தின பொம்பளை சிலை, பித்தளை. முதல் வருஷம் வார்ப்பு சரியா விழாம, அவ கையில கரண்டி வெச்சிருக்காப்புல இருக்கும். ஒண்ணு ரொம்ப நாளு ஆபீசு அலமாரியில கெடந்துச்சு. அதெல்லாம் நான் சேருததுக்கு முந்தி. கேட்டதைத்தான் சொல்லுதேன்.

நான் சேந்தப்ப விழா பெருசாயிருச்சு. ஆயிரத்து இருநூறு பேரு உக்காருத தியேட்டரு, மேல பால்கனி, பேண்டு, ரேடியோக்காரங்க. ஒரு சிலைக்காகப் பெரிய பெரிய நடிகருங்க சேட்டு வீட்டு வாசல்ல காரோட நிப்பாங்க. என்ன காரணம்? நம்ம பரிசு சனங்க குடுத்த பரிசு. வேற யாரும் உள்ள கையை விட முடியாது. ஜனவரி இதழ்ல கடைசிப் பக்கத்துல ஒரு கூப்பன் இருக்கும். நல்ல படம் எது, நல்ல நடிகை யாரு, நல்ல பாட்டு எதுன்னு எழுதி, வெட்டித் தபால்ல அனுப்பணும். சாக்கு சாக்கா வரும். லக்னோவுலேருந்து வரும், நாக்பூருலேருந்து வரும், பட்டாளத்துக்காரன் எல்லையிலேருந்து அனுப்புவான்.

அதையெல்லாம் பிரிச்சு எண்ண ஆளு வேணுமில்ல. சேட்டு அந்தப் பொறுப்பை எங்கிட்ட விட்டாரு. நான் தாராவியிலேருந்து பன்னெண்டு பொம்பளைங்களக் கூட்டிட்டு வந்தேன். எல்லாம் நம்ம சனம். வருஷத்துக்கு ஆறு வாரம் வேலை. அச்சாபீசுக்கு மேல ஒரு நீள ரூமு, நீள மேசை, ரெண்டு பக்கமும் ஆறாறு பேரு. அவளுவள்ல பாதிப் பேருக்கு ஹிந்தி எழுத்து தெரியாது. நடிகை பேரு எப்படி இருக்கும்னு கோலத்தைப் பாத்துப் பழகுதாப்புலப் பழகிக்கிட்டாளுவ. நல்லா வாசிக்கத் தெரிஞ்சவ ஒருத்திதான், மரியபுஷ்பம். வீட்டுக்குப் பக்கத்துல இருந்த பள்ளிக்கூடம் ஹிந்திப் பள்ளிக்கூடம்னு அவ அப்பன் அதுல சேத்து விட்டிருக்கான். புருஷன் சவரிராயன் தோல் கிடங்குல வேலை. பிள்ளை கிடையாது. முப்பது வயசு இருக்கும். ஒல்லியா, நிமிந்து உக்காந்திருப்பா. மேசைக்கு அவதான் தலைவி. நான் வெக்கல, தானா அப்படி ஆயிருச்சு.

எல்லாரும் என்னை அண்ணாச்சின்னுதான் கூப்பிடுவாளுவ. ஆபீசுல மத்தவனுவளுக்கு நான் நாயகம் சாப்.

அறுபத்தஞ்சுல நடந்த மோசடியைப் பத்திக் கேக்கியா? அதைக் கட்டாயம் எழுதணும். நம்ம விருதுக்கு மானம் நின்னதே அதுலதான். அந்த வருஷம் ஒரு புதுப் பையன் நடிச்சு ஒரு படம் வந்துச்சு. படம் ரெண்டு வாரம் கூட ஓடல. கூப்பன் மட்டும் அவனுக்குக் குவியுது. ஆறாயிரத்துக்கு மேல. இந்தூர் முத்திரை, ஜெய்ப்பூர் முத்திரை, கையெழுத்து வேற வேற, மை வேற வேற. எனக்கு ஒரு சந்தேகமும் வரல. மரியபுஷ்பம் ஒரு கட்டைக் கொண்டாந்து என் மேசையில வெச்சா. ஓரத்தைத் தடவிப் பாக்கச் சொன்னா.

"வீட்டுல கத்திரியால வெட்டினா கொஞ்சமாச்சும் கோணும், அண்ணாச்சி. இது அச்சாபீசு கத்தி."

பாத்தேன். ஆறாயிரமும் நூல் பிடிச்சாப்புல நேரா இருக்கு. நம்ம அச்சாபீசுலயே ஒருத்தன், கூப்பன் பக்கத்தை மட்டும் தனியா அடிச்சு, கட்டுக் கட்டா வெட்டி வெளிய குடுத்திருக்கான். நான் சேட்டுக்கிட்ட கொண்டு போனேன். சேட்டு அத்தனையும் தள்ளுபடின்னு அறிவிச்சாரு. பேப்பர்ல எல்லாம் வந்துச்சு. நயன்தீப் அலுவலகத்தைச் சேர்ந்த அருமைநாயகம் கண்டுபிடிச்சாருன்னு போட்டாங்க. அந்தத் துண்டு இன்னும் வெச்சிருக்கேன், போறப்ப காட்டுதேன்.

அவ பேரா? அவ பேரு எப்படிப் போடுவாங்க? அவ ஆறு வாரத்து ஆளு. ஆபீசுன்னு ஒண்ணு இருக்கில்ல.

அவளும் அதைப் பெருசா நெனைக்கல. நெனைச்சிருந்தா கேட்டிருப்பா, வாய் இல்லாதவ இல்ல. அவ கேட்டது வேற. விழாவை உள்ள உக்காந்து பாக்கணும், அம்புட்டுத்தான். மத்தவளுவளுக்கும் அதே ஆசைதான், ஆனா கேக்கத் துணிஞ்சவ அவதான். நாங்கதான எண்ணிக் குடுக்கோம், யாருக்குன்னு எங்களுக்குத்தான முதல்ல தெரியும், அதை வாங்குத அன்னிக்கு அவங்க மூஞ்சி எப்படி இருக்கும்னு ஒரு தடவை பாக்கணும்னு வருஷா வருஷம் கேப்பா. சேட்டும் அடுத்த வருஷம், அடுத்த வருஷம்பாரு. அறுபத்தெட்டுல கூப்பன் ரெண்டு லட்சத்தைத் தாண்டிருச்சு. பதினாலாவது விழா. சேட்டு சந்தோஷத்துல இருந்தாரு. அந்த நேரம் பாத்து நான்தான் அவருக்கு ஞாபகப்படுத்தினேன். பால்கனியில கடைசி வரிசை, பன்னெண்டு பாஸு. ரோஸ் கலரு அட்டை. நானே ஒவ்வொருத்தி பேரையும் டைப் அடிச்சுக் குடுத்தேன். மரியபுஷ்பம் அதை ரெண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பாத்தா. எழுத்துப் பிழை தேடுதாளோன்னு எனக்குக் கொஞ்சம் கோவம் கூட வந்துச்சு.

விழா அன்னிக்கு மத்தியானம் ரெண்டு மணி இருக்கும். சேட்டுக்கு ஒரு போன் வந்துச்சு. முன்வரிசையில உக்கார வேண்டிய மந்திரி, வீட்டுலேருந்து இன்னும் பன்னெண்டு பேரைக் கூட்டிட்டு வாராராம். பேரு வேண்டாம், அவரும் போயிட்டாரு, அவரு கட்சியும் போயிருச்சு. தியேட்டர்ல ஒரு நாற்காலி மிச்சம் இல்ல. சேட்டு தலையில கையை வெச்சு உக்காந்துட்டாரு. நான்தான் யோசனை சொன்னேன். எனக்கு அந்தக் காலத்துல அப்படி, ஒரு சிக்கல்னா சட்டுனு வழி தோணும். சேட்டு தயங்கினாரு, அதையும் சொல்லிருதேன். பாவம்டான்னாரு. நான் பாத்துக்கிடுதேன் சேட்னு சொன்னேன்.

மேல போனேன். அன்னிக்குக் கடைசி நாளு, மேசையெல்லாம் துடைச்சு ரூமைக் கூட்டிக்கிட்டிருந்தாளுவ. பாதிப் பேரு அப்பவே விழாவுக்குத் தயாராகி வந்திருந்தாளுவ. மரியபுஷ்பம் கல்யாணச் சேலையைக் கட்டியிருந்தா. உள்ளதைச் சொன்னா அழுவாளுவ. அன்னிக்கு அதுக்கு எங்க நேரம்? பாஸுல முத்திரை வெக்க மறந்து போச்சு, எல்லாரும் குடுங்க, வெச்சுத் தாரேன்னு சொன்னேன். எல்லாரும் குடுத்துட்டாளுவ. மரியபுஷ்பம் மட்டும் கையில வெச்சுப் பாத்துக்கிட்டே நின்னா.

"முத்திரை இருக்கே, அண்ணாச்சி."

அது ஆபீசு முத்திரை, போலீசு முத்திரை ஒண்ணு வேணும்னு சொன்னேன். அவ என் மூஞ்சியைக் கொஞ்ச நேரம் பாத்தா. பொறவு குடுத்துட்டா. ஆறரை மணிக்கு எல்லாரும் தியேட்டருக்குப் பக்கச் சந்துக்கு வந்துருங்க, கூட்டத்துல முன்வாசல் வழியா வர முடியாது, பக்கவாட்டு ஷட்டர் சாவி எங்கிட்டதான் இருக்கு, நானே உள்ள விடுதேன்னு சொன்னேன்.

நீ நெனைக்கது தெரியுது. ஏமாத்துததுக்குச் சொல்லலம்மா. மெய்யாவே உள்ள விடத்தான் நெனச்சேன். நாற்காலி இல்லாட்டா என்ன, மேடைக்குப் பக்கத்துல ஓரமா நின்னு பாக்கலாம். பால்கனியை விட அது கிட்டத்துலயில்ல இருக்கு.

அந்தச் சந்தைப் பத்திச் சொல்லணும். ரெண்டு ஆளு கையை விரிச்சா சுவத்தைத் தொடலாம், அவ்வளவு அகலந்தான். ஒரு பக்கம் தியேட்டர் சுவர், அந்தப் பக்கம் கிடங்குச் சுவர். சந்து போயி ஷட்டர்ல முட்டி நிக்கும். அதுக்கு மேல வழி கிடையாது. ஷட்டருக்கு உள்பக்கம் மேடைக்குப் போற நடை. அந்த நடையிலதான் ஒரு மேசை போட்டு, சிவப்புத் துணி விரிச்சு, பதினெட்டுச் சிலையையும் வரிசையா வெச்சிருப்பேன். மேடையில பேரு சொன்னதும் சரியான சிலையை எடுத்துக் குடுக்குதது என் வேலை. ஒரு வருஷம் மாறிப் போனாலும் மானம் போயிரும். முந்தின வருஷம் அந்த ஷட்டர் வழியா எவனோ உள்ள வந்து ஒரு சிலையைத் தூக்கிட்டுப் போயிட்டான். அதனாலதான் சாவியை நானே வெச்சிருந்தேன்.

ஆறரைக்கு அவளுவ வந்துட்டாளுவ. ஷட்டர்ல லேசாத் தட்டினாளுவ. நான் இந்தப் பக்கத்துலேருந்து, கொஞ்சம் பொறுங்க, மந்திரி உக்காரட்டும்னு சொன்னேன். சரி அண்ணாச்சின்னாளுவ. பொறவு விழா ஆரம்பிச்சுது. கடவுள் வாழ்த்து, வரவேற்பு, எனக்கு நாலு பக்கமும் வேலை. ஒருத்தரு மேடையில பேச வேண்டிய தாளைக் காணோம்னாரு, ஒரு நடிகை முன்வரிசையில உக்கார மாட்டேன்னு சண்டை. நான் ஓடிக்கிட்டே இருந்தேன்.

அந்த நேரத்துல வெளிய என்ன நடந்துச்சுன்னா, முன்வாசல்ல நாலாயிரம் அஞ்சாயிரம் சனம் நிக்குது. அந்த வருஷத்துப் பெரிய நடிகரு ஒருத்தரு இன்னும் வரல. அவரு காரு பக்கச் சந்து வழியாப் போகுதுன்னு எவனோ கத்தியிருக்கான். காரு அந்தச் சந்துல நுழையவே முடியாது, சைக்கிளு ரிக்‌ஷா கூடப் போகாது. ஆனா கூட்டத்துக்கு அது தெரியுமா? அப்படியே திரும்பிச் சந்துக்குள்ள பாஞ்சிருக்கு. முன்னால போனவனுக்கு வழியில்லன்னு தெரிஞ்சுது, பின்னால வந்தவனுக்குத் தெரியல. நம்ம பன்னெண்டு பேரும் கடைசியில, ஷட்டர் மேல.

அஞ்சு பேரு செத்தாங்க. அதுல மூணு பேரு நம்மாளுங்க. மரியபுஷ்பம், ஜெபக்கனி, ருக்மிணி. ஜெபக்கனிக்குப் பத்தொம்பது வயசு. தங்கபாய்னு ஒருத்திக்கு விலா எலும்பு உடைஞ்சு, பிழைச்சுக்கிட்டா.

எனக்கு எப்பத் தெரிஞ்சுதா? அஞ்சாவது சிலையைக் குடுத்து முடிச்சப்ப. முன்வாசல் பக்கமிருந்து ஒரு போலீசு ஆபீசரு வந்தாரு, தொப்பியில்ல, சட்டை கிழிஞ்சிருக்கு. ஷட்டர் சாவி எங்கன்னு கேட்டாரு. அவரு வாங்கித் தொறந்தாரு. பாதி மேல போச்சு, அதுக்கு மேல போகல. கீழே கெடந்தவங்க பாரம். நான் முதல்ல பாத்தது அந்தச் சேலையைத்தான். அதுக்கு மேல அதைப் பத்திச் சொல்ல ஒண்ணும் இல்ல. வேண்டாம்.

சேட்டு முன்வரிசையில மந்திரிக்குப் பக்கத்துல உக்காந்திருந்தாரு. போயி காதுல சொன்னேன். மூஞ்சி வெளுத்துப் போச்சு. மேடையில ஒருத்தரு பாடிக்கிட்டிருக்காரு. ஆயிரத்து இருநூறு பேரு. மேடையைப் பாத்துக்கிட்டே கேட்டாரு:

"நாயகம், மீதி எத்தனை இருக்கு?"

"பதிமூணு, சேட்."

"பதிமூணையும் குடுத்து முடிச்சிரு."

குடுத்து முடிச்சேன். ஒண்ணு கூட மாறல. ஷட்டரைப் பாதியில விட்டாப்புல, அதுக்கு முன்னால ஒரு திரையை இழுத்து விட்டுட்டு, அந்தப் பதிமூணையும் ஒவ்வொண்ணா எடுத்துக் குடுத்தேன். யாருக்கும் தெரியல. உள்ள கலவரம் வந்திருந்தா இன்னும் எத்தனை பேரு செத்திருப்பாங்கன்னு யோசிச்சுப் பாரு. பொறவு சேட்டு என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதாரு. நீ என் விழாவைக் காப்பாத்தினன்னாரு. அடுத்த மாசமே விழா மேனேஜராப் போட்டாரு. இருபத்தேழு வருஷம் அந்த வேலையிலதான் இருந்தேன்.

நீ ஏம்மா எழுதுததை நிறுத்திட்ட? டேப்பு ஓடுது, சரி.

விசாரணை நடந்துச்சு. அதுவும் எழுதிக்கோ, ஒளிக்க என்ன இருக்கு? ரெண்டு நாளு நான் சாட்சி சொன்னேன். செத்துப் போன பொம்பளைங்க கிட்ட பாஸு இருந்துச்சான்னு கேட்டாங்க. இல்லன்னேன். இல்லைதான? அவங்க கையில ஒரு பாஸும் கெடைக்கலையே. தங்கபாய் ஆஸ்பத்திரியிலேருந்து வந்து, பாஸு குடுத்துட்டு மத்தியானம் திரும்பி வாங்கிட்டாங்கன்னு சொன்னா. என்னைக் கேட்டாங்க. போலீசு முத்திரை இல்லாத பாஸு செல்லாது, செல்லாத அட்டையைக் குடுத்ததைப் பாஸு குடுத்ததாச் சொல்ல முடியாதுன்னு சொன்னேன். நான் ஒரு வார்த்தை பொய் சொல்லல. அழைப்பு இல்லாம வந்த கூட்டம்னு தீர்ப்பாச்சு. நம்ம விழா மேல ஒரு குத்தமும் இல்ல.

அதுக்கு அடுத்த வருஷந்தான் கூப்பனை நிறுத்தினோம். சினிமாவைப் பத்தி விவரம் தெரிஞ்ச ஒம்பது பேரை வெச்சு நடுவர் குழு அமைச்சோம். வாசகருங்க ரசனை இறங்கிப் போச்சு, தரத்தைக் காப்பாத்தணும்னு சேட்டு அறிக்கை விட்டாரு. நான்தான் டைப் அடிச்சேன். நீ அப்படியே போடு. மெய்யான காரணம் உனக்கு மட்டும் சொல்லுதேன், எண்ண ஆளு வரல. தாராவி முழுக்கக் கேட்டுப் பாத்தேன். அண்ணாச்சின்னு கூப்பிட ஒருத்தி கூட வரல. நன்றி கெட்ட சனம். ஆறு வருஷம் அவளுவளுக்கு வேலை குடுத்தவன் நானு.

சவரிராயன் ஒரு நாளு ஆபீசுக்கு வந்தான். சண்டைக்கு வாரான்னு எல்லாரும் எந்திரிச்சாங்க. அவன் ஒண்ணும் சத்தம் போடல. தோல் கிடங்கு வாடையோட என் மேசைக்கு முன்னால நின்னுக்கிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"அவ உள்ள வந்து கொஞ்சமாச்சும் பாத்தாளா, அண்ணாச்சி?"

பாத்தான்னு சொன்னேன். முதல் பாட்டு முடியுத வரைக்கும் என் பக்கத்துல நின்னு பாத்தா, பொறவு மத்தவளுவளக் கூட்டிட்டு வாரேன்னு வெளிய போனான்னு சொன்னேன். அவன் தலையை ஆட்டிக்கிட்டுப் போயிட்டான். விசாரணையில சத்தியம் பண்ணிச் சொன்னது வேற, இது வேற. ஒரு மனுஷனுக்கு ஆறுதல் சொல்லுதது பாவமாகாது.

என்ன கேட்ட? சத்தமா கேளும்மா. அவளுவ கூப்பிட்டது எனக்குக் கேக்கலையான்னா? அதையும் விசாரணையில கேட்டாங்க. பேண்டு வாசிச்சுக்கிட்டிருந்துச்சு, ஒண்ணும் கேக்கலன்னு சொன்னேன். இருபது பேரு பேண்டு. பக்கத்துல நிக்கவன் பேசுததே கேக்காது.

யாரு? தங்கபாயா?

அவ உயிரோடயா இருக்கா? நீ எப்பப் பாத்த? போன வாரமா. எங்கிட்ட வாரதுக்கு முந்தியே அவகிட்ட போயிட்டியா. கமிட்டிக்காரங்களுக்குத் தெரியுமா நீ போனது? சரி விடு. என்ன சொன்னா அவ? பேண்டு சத்தமே இல்லன்னு சொன்னாளா.

ம்.

அந்த டேப்பு ஓடட்டும், பரவால்ல. எனக்கு அறுபத்தேழு ஆகுது.

ஒவ்வொரு விழாவுலயும் ஒரு வழக்கம் உண்டு. அந்த வருஷம் செத்துப் போன சினிமாக்காரங்க பேரை மேடையில வாசிப்பாங்க. நடிகரு, பாட்டு எழுதினவரு, காமிராக்காரரு, எல்லாரும். வாசிச்சு முடிச்சதும் சபை முழுக்க எந்திரிச்சு ஒரு நிமிஷம் மௌனமா நிக்கணும். அந்த நிமிஷத்தை வாட்சுல பாக்குதது நான். முடிஞ்சதும் நான் கையைக் காட்டினா பேண்டு ஆரம்பிக்கும். அன்னிக்கு ஏழு பேரு வாசிச்சாங்க. எல்லாரும் எந்திரிச்சாச்சு. ஒரு இருமல் கூட இல்ல. ஆயிரத்து இருநூறு பேரு மூச்சு விடுதது கேக்காது, அப்படி ஒரு அமைதி.

அப்பத்தான் கூப்பிட்டா. மரியபுஷ்பந்தான். ஷட்டர்ல வாயை வெச்சுப் பேசுதாப்புல, கத்தல. கத்த முடியல போல இருக்கு, அது எனக்கு அப்பத் தெரியாது.

"அண்ணாச்சி, தொறங்க. மூச்சு முட்டுது."

சாவி என் சட்டைப் பையில இருக்கு. ஷட்டரு ஆறடி தூரம். ஆனா அது என்ன ஷட்டர்னு நெனைக்க? துருப்பிடிச்ச இரும்பு. தூக்கினா தெரு முனை வரைக்கும் கேக்கும். மந்திரி நிக்காரு, சேட்டு நிக்காரு, செத்தவங்க குடும்பத்துக்காரங்க முன்வரிசையில அழுதுக்கிட்டு நிக்காங்க. நான் எப்படித் தொறக்க? இன்னும் நாப்பது வினாடி இருக்குன்னு வாட்சுல பாத்தேன். உதட்டுல விரலை வெச்சு, பேசாத இருன்னு காட்டினேன். மூடின ஷட்டருக்குக் காட்டினேன். மறுபடியும் அண்ணாச்சின்னா. பொறவு வேற ஒருத்தி குரலு, ஜெபக்கனியா இருக்கும். பொறவு தட்டுத சத்தம், லேசா. நிமிஷம் முடிஞ்சுது. கையைக் காட்டினேன், பேண்டு ஆரம்பிச்சுது. ஷட்டர் கிட்ட போயி நின்னு பாத்தேன். யாரும் கூப்பிடல. கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாளுவன்னு நெனச்சேன். மேடையில முதல் சிலைக்குப் பேரு சொல்லிட்டாங்க, போயிட்டேன்.

அவ்வளவுதான். முப்பத்தாறு வருஷத்துல இதை நான் யாருக்கும் சொன்னதில்ல, எம் பொண்டாட்டி சாகுத வரைக்கும் அவளுக்குக் கூடத் தெரியாது. நீ எழுதுவியோ மாட்டியோ, கமிட்டி அதைப் போட மாட்டாங்க. எனக்கு அவங்களத் தெரியும்.

அடுத்த வருஷம் விழா நிகழ்ச்சி நிரலை டைப் அடிக்க உக்காந்தேன். அந்த மௌனம் வார இடத்துல கை ஓடல. எடுத்துட்டேன். செத்தவங்க பேரை வாசிக்கும்போதே பின்னால ஒரு பாட்டு வாசிக்கட்டும், பேரு முடியவும் பாட்டு முடியட்டும், யாரும் சும்மா நிக்க வேண்டாம்னு எழுதினேன். சேட்டு ஏன்னு கேட்டாரு. சனங்க எந்திரிச்சு நிக்கது நாற்காலிச் சத்தமா இருக்கு, மேடைக்கு அழகா இல்லன்னு சொன்னேன். ஒத்துக்கிட்டாரு. பேப்பர்ல கூடப் பாராட்டி எழுதினாங்க, அஞ்சலி மனசைத் தொடுதாப்புல இருந்துச்சுன்னு. இன்னிக்கு வரைக்கும் அப்படித்தான் நடக்கு. முப்பத்தஞ்சு வருஷமா நம்ம விழாவுல ஒரு வினாடி கூடச் சத்தம் இல்லாம இருந்ததில்ல. அதைக் கொண்டாந்தது நான்தான். உன் புத்தகத்துல வேற எதை விட்டாலும் விடு, அதை மட்டும் விட்டுராதம்மா.